கணினிக்கும் ஒரு நிகண்டு வேண்டும்



நம்மில் நிறைய பேருக்கு இரண்டு பேர் உண்டு. வருகைப் பதிவேட்டில் ஒன்று, வீட்டில் ஒன்று. பதிவேட்டுப் பேரைச் சொல்லி விசாரித்தால் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கே தெரியாது. "அட, நம்ம பாப்பாவையா கேக்குறீங்க?" என்று யாராவது எடுத்துச் சொல்லணும். கணினியில் உள்ள மென்பொருள்களுக்கும் இதே கதைதான்.

படம் வரையவும் திருத்தவும் கிம்ப் என்று ஒரு நல்ல இலவச மென்பொருள் இருக்கிறது. மார்க் பட்டியல் போட லிப்ரே ஆபீஸ் கால்க் இருக்கிறது. ஆனால் கிம்ப் என்ற பெயரைப் பார்த்து அது படம் வரைய என்று யாருக்குத் தெரியும்? புதிதாக உட்காருகிறவள் "படம்" என்றுதான் தேடுவாள். கணினி எழுத்தோடு எழுத்தை ஒத்துப் பார்க்குமே தவிர, அர்த்தம் அதற்குத் தெரியாது. 'எதுவும் இல்லை' என்று சொல்லிவிடும். தேடிய பொருளோ உள்ளேயே இருக்கும்!

இதற்கு வழி இல்லாமல் இல்லை. லினக்ஸ் கணினியில் மென்பொருளுக்கென்று ஒரு சின்னக் குறிப்புக் கோப்பு உண்டு. அதில் பெயர், விளக்கம் இவற்றோடு 'கீவேர்ட்ஸ்' என்று ஒரு வரியும் எழுதலாம். மக்கள் என்னென்ன சொல்லால் தேடுவார்களோ அவற்றை அரைப்புள்ளி போட்டு வரிசையாக எழுத வேண்டும். கால்க் கோப்பில் எக்செல் என்ற சொல்லையும் ஆங்கிலத்தில் சேர்த்திருக்கிறார்கள். அதனால் எக்செல் என்று தேடினாலும் கால்க் வந்து நிற்கும். இந்த வரியைத் தமிழிலும் தனியாக எழுத இடம் இருக்கிறது.

தமிழுக்குத்தான் இது அதிகம் தேவை. கணினி, கணிப்பொறி, கம்ப்யூட்டர் என்று ஒன்றையே மூன்று விதமாகச் சொல்கிறோம். இன்டர்நெட், இண்டர்நெட் என்று ஒரே சொல்லை இரண்டு விதமாக எழுதுகிறோம். நமக்கு ஒன்று, கணினிக்கு வேறு வேறு.

ஒரு பொருளுக்குப் பல சொற்களைத் தொகுப்பது நமக்குப் புதிதா என்ன? திவாகரம், பிங்கலம், சூடாமணி நிகண்டு எல்லாம் அந்த வேலையைத்தானே செய்தன! ஞாயிறு, கதிரவன், பரிதி எல்லாம் சூரியன்தான் என்று அன்றே தொகுத்தவர்கள் நம் முன்னோர்.

"ஆங்கிலப் பெயரை மனப்பாடம் செய்தால் போச்சு" என்று சிலர் சொல்வார்கள். வீட்டில் கணினி இருப்பவர்களுக்கு அது சுலபம். வாரம் ஒரு பீரியட் மட்டும், அதுவும் மூன்று பேர் சேர்ந்து ஒரு கணினியில் உட்காருகிற பிள்ளைக்கு, தேடுவதிலேயே பாதி நேரம் போய்விடும். கடைசியில் "எனக்கு கம்ப்யூட்டர் வராது" என்று எழுந்து விடுவாள். குறை அவளிடம் இல்லை, அந்த ஒரு வரியில்தான்.

அதற்காகக் கண்ட சொல்லையும் சேர்க்கக் கூடாது. எல்லா மென்பொருளிலும் "படம்" என்று போட்டால், தேடும்போது எல்லாமே வந்து குவியும். அது தேடாமல் இருப்பதற்குச் சமம்.

என் யோசனை இதுதான். இந்தத் தாளுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டுவோம். படம் வரைய, கணக்குப் போட, பாட்டுக் கேட்க, கடிதம் அடிக்க நீங்கள் என்ன சொல்லால் தேடுவீர்கள் என்று எழுதுங்கள். பேச்சு வழக்கானாலும் பரவாயில்லை. இலவச மென்பொருள்களைத் தமிழாக்கம் செய்யும் தன்னார்வலர்களுக்கு அதை ஆசிரியர் மூலமாக அனுப்பலாம்.

கணினியின் மொழியை நாம் கற்கிறோம். நம் மொழியை அதுவும் கொஞ்சம் கற்கட்டுமே!

- 9ஆம் வகுப்பு மாணவி