வீடு கட்ட ரூ.3½ லட்சம்! குடிசைக்காரர் கைக்கு எப்படி வருகிறது?

மழை வந்தால் ஒழுகும். தீப்பிடித்தால் சற்று நேரத்தில் சாம்பல். அதுதான் ஓலைக் குடிசை.

குடிசைகளை ஒழிக்க அரசாங்கம் திட்டம் போடுவது புதிது அல்ல. சென்னையில் குடிசை மாற்று வாரியம் 1970-ம் ஆண்டிலேயே ஏற்பட்டது. கிராமங்களுக்கு மத்திய அரசின் இந்திரா வீட்டு வசதி திட்டம் 1985-ல் வந்தது. 2016-ல் அதன் இடத்தில் பிரதமர் வீடு கட்டும் திட்டம் வந்தது. தமிழ்நாட்டில் 2010-ல் ஒரு திட்டம், 2011-ல் பசுமை வீடு திட்டம். ஆட்சி மாறினால் பெயர் மாறும். பல ஊர்களில் கூரைதான் மாறவில்லை!

2024-ம் ஆண்டு பட்ஜெட்டில் "கலைஞரின் கனவு இல்லம்" திட்டத்தை தமிழக அரசு அறிவித்தது. 2030-க்குள் கிராமங்களில் 8 லட்சம் குடிசைகளை கான்கிரீட் வீடுகள் ஆக்கவேண்டும் என்பது குறிக்கோள். ஒரு வீட்டுக்கு ரூ.3½ லட்சம். முதல் ஆண்டில் 1 லட்சம் வீடுகள்.

கணக்கு என்ன சொல்கிறது?

வீட்டின் அளவு 360 சதுர அடி. 3½ லட்சத்தை 360-ஆல் வகுத்துப் பாருங்கள். சதுர அடிக்கு 1,000 ரூபாய்கூட வரவில்லை. இந்தக் காலத்தில் அந்த விலைக்கு எந்த மேஸ்திரி வீடு கட்டித் தருவார்? மீதியை வீட்டுக்காரர்தான் போடவேண்டும்.

மத்திய அரசின் திட்டத்தில் நிலைமை இன்னும் மோசம். சமவெளிப் பகுதியில் ஒரு வீட்டுக்கு ரூ.1 லட்சத்து 20 ஆயிரம் என்று 2016-ல் வைத்தார்கள். 2024 ஆகஸ்டு மாதம் மேலும் 2 கோடி வீடுகளுக்கு மத்திய மந்திரிசபை ஒப்புதல் கொடுத்தது. அப்போதும் அதே தொகைதான்! இந்த 8 ஆண்டுகளில் செங்கல் விலையும், கொத்தனார் கூலியும் அப்படியே நின்றனவா? பற்றாக்குறையைப் பார்த்துத்தான் தமிழக அரசு கான்கிரீட் கூரைக்கு என்று தன் பணத்தைச் சேர்த்துக் கொடுத்தது.

தவணைச் சிக்கல்

பணம் மொத்தமாக வராது. அஸ்திவாரம் முடியவேண்டும். பிறகு ஜன்னல் மட்டம். பிறகு கூரை. கடைசியில் பூச்சு வேலை. ஒவ்வொரு கட்டத்திலும் என்ஜினீயர் வந்து பார்க்கவேண்டும். அதன் பிறகே வங்கிக் கணக்கில் பணம் ஏறும். முறைகேட்டைத் தடுக்க இது நல்ல ஏற்பாடுதான். ஆனால், முதல் கட்ட வேலைக்கு யார் பணம் போடுவது?

கூலி வேலை செய்கிறவர் வீட்டில் ஏது சேமிப்பு? மனைவியின் தோடு அடகுக்குப் போகிறது. தோடும் இல்லாதவர் வட்டிக்கு வாங்குகிறார். தவணை ஒரு மாதம் தாமதித்தால் ஒரு மாத வட்டி தலையில் ஏறுகிறது. குடிசையைப் பிரித்துப்போட்டாயிற்று. சுவர் பாதியில் நிற்கிறது. குழந்தை குட்டிகளுடன் தார்ப்பாய்க்கு அடியில் குடித்தனம்! ஐப்பசி மழை காத்திருக்குமா? திட்டம் போடுகிறவர்கள் கவனிக்கவேண்டிய இடம் இதுதான். முதல் தவணையை முன்பணமாகக் கொடுத்தால் பாதிக் கஷ்டம் தீரும்.

பட்டா எங்கே?

இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்களுக்கு இந்தக் கவலைகூட இல்லை. ஏனென்றால், மனுவே ஏறாது! வீடு கட்ட சொந்த மனையும், பட்டாவும் வேண்டும். ஏரிக்கரையிலும், வாய்க்கால் ஓரத்திலும், புறம்போக்கிலும் குடியிருப்பவர்கள்தான் மிகவும் ஏழைகள். அவர்களிடம் பட்டா கிடையாது. அவர்களுக்கு முதல் தேவை 3½ லட்சம் அல்ல, 2 சென்ட் மனை.

மனு கொடுத்திருக்கும் குடும்பத்தினர் ஒன்று செய்யலாம். பயனாளிகள் பட்டியல் கிராம சபையில் வைக்கப்படும்போது நேரில் போய்ப் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள். இறந்துபோன தாத்தா பெயரிலேயே இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். வேலை உத்தரவு கைக்கு வரும்வரை குடிசையில் ஒரு கீற்றைக்கூடப் பிரிக்காதீர்கள்.