வீட்டு விஞ்ஞானம்: திராட்சை மதுப் பெட்டி

அயல்நாட்டில் வாழும் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்பொழுது பெற்றோருக்குக் கொண்டுவரும் அன்பளிப்புகளில் இப்பொழுது ஒரு புதிய பெட்டியும் இடம்பெறக்கூடும். வீட்டிலேயே திராட்சை மது செய்வதற்கான பெட்டி அது. கனடா, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளில் கடைகளில் வெளிப்படையாகக் கிடைப்பது. அதனுள் இருப்பது என்ன, அது வேலை செய்யும் விதம் என்ன, நாம் குடியிருக்கும் ஊரில் அதைப் பயன்படுத்தலாமா என்னும் மூன்று கேள்விகளுக்கு இம்மாதம் விடை காண்போம்.

பெட்டியில் முதலிடம் பெறுவது, நீர் வற்றச் செய்து கெட்டியாக்கிய திராட்சைச் சாறு. பெரிய பெட்டி ஒன்றின் சாற்றுடன் நீர் சேர்த்தால் 23 லிட்டர் ஆகும். முக்கால் லிட்டர்ப் புட்டிகள் 30 நிரம்பும். 6 புட்டிகளுக்கான சிறிய பெட்டிகளும் உண்டு. சாற்றுடன் சில சிறு பொட்டலங்கள் இருக்கும். ஒன்றில் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர். மற்றொன்றில் கலங்கலைப் படியச் செய்யும் பென்டோனைட் என்னும் களிமண். இன்னும் இரண்டில் மது கெடாமலும் மீண்டும் பொங்காமலும் காக்கும் இரசாயன உப்புகள். கந்தகம் கலந்த உப்பு ஆஸ்துமா உடையவர் சிலருக்கு ஒவ்வாது. இறுதியில் தெளியவைக்கும் பொருள் சில பெட்டிகளில் மீனின் காற்றுப்பையிலிருந்தும், சிலவற்றில் இறால் ஓட்டிலிருந்தும் எடுக்கப்படுகிறது. சைவ உணவினர் மேலட்டையைக் கருத்தூன்றிப் படித்தல் நலம்.

இதன் தத்துவம் நம் இல்லத்தரசியருக்குப் புதியதன்று. இரவில் கரைத்து வைத்த இட்லி மாவு காலையில் பொங்கி நிற்பதும் நொதித்தலே. அங்கே பெரும்பாலும் பாக்டீரியாக்கள் உழைத்து மாவைப் புளிக்கச் செய்கின்றன. இங்கே ஈஸ்ட் உழைத்துச் சர்க்கரையைச் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் பிரிக்கிறது. இவ்வேலை உயிருள்ள நுண்பொருளின் செயலே என்பதைப் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் 1850-களின் பிற்பகுதியில் தொடங்கிய ஆராய்ச்சிகளால் நிலைநாட்டினார்.

பாலின் தரம் காணப் பால்மானி இருப்பதுபோல, சாற்றின் அடர்த்தியைக் காணவும் ஒரு மானி உண்டு. தொடக்கத்தில் ஏறக்குறைய 1.085 காட்டும் அம்மானி, சர்க்கரை முழுவதும் கரைந்தபின் 0.995 அளவுக்கு இறங்கும். அப்பொழுது சாராயம் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு அளவில் இருக்கும். மூடியில் பொருத்திய நீர்ப்பூட்டு உள்ளிருக்கும் வாயுவை வெளியே விடும். வெளிக்காற்றை உள்ளே விடாது. காற்று மிகுதியாகப் புகுந்தால் வேறு பாக்டீரியாக்கள் மதுவைக் காடியாக்கிவிடும். குமிழிகள் நின்றன என்று அவசரப்பட்டுப் புட்டியில் அடைப்பதும் தவறு. மானி இரண்டு மூன்று நாள் ஒரே அளவைக் காட்டவேண்டும். எஞ்சிய சர்க்கரை புட்டிக்குள் நொதித்தால் வாயு பெருகிக் கண்ணாடி வெடிக்கும். பாத்திரத் தூய்மையும் பொறுமையுமே இத்தொழிலின் இரு கண்கள். நான்கு முதல் எட்டு வாரங்கள் காத்திருத்தல் வேண்டும்.

இப்பெட்டியின் முன்னோடியை அமெரிக்க மதுவிலக்குக் காலத்தில் காணலாம். 1920 முதல் 1933 வரை அங்கே மதுவிலக்கு நிலவிற்று. அந்நாளில் திராட்சைச் சாற்றைக் கட்டியாக்கி விற்ற வியாபாரிகள், “இதை நீரில் கரைத்துப் பல நாள் அலமாரியில் வைத்துவிடாதீர்கள், மதுவாகிவிடும்” என்னும் பொருள்பட எச்சரிக்கை அச்சிட்டனர். எச்சரிக்கையின் போர்வையில் செய்முறை வீடுதோறும் சென்றது! இன்றோ அந்நாட்டு மத்திய சட்டம், வயதுவந்தோர் இருவர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 200 காலன், அதாவது ஏறக்குறைய 757 லிட்டர் மதுவை விற்பனைக்கன்றிச் சொந்த உபயோகத்துக்குச் செய்துகொள்ள இடமளிக்கிறது. ஆகவே நம் பிள்ளைகள் அங்கே செய்வது சட்டத்துக்கு உட்பட்டதே.

ஆனால் அதே பெட்டி நம் வீட்டுக்கு வந்ததும் நிலைமை மாறுகிறது. நம் அரசியலமைப்பில் மது, மாநிலப் பட்டியலைச் சேர்ந்தது. மாநில எல்லையைக் கடந்தால் சட்டமும் வேறாகும். குஜராத்திலும் பீகாரிலும் மதுவிலக்கு நடைமுறையில் உள்ளது. மகாராஷ்டிரத்தில் மது விற்பனை நடைபெறினும், 1949-ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. நம் தாயகத்திலும் அவ்வாறே: 1937-இல் ராஜாஜி அமைச்சரவை கொண்டுவந்த மதுவிலக்குச் சட்டம் நீங்கவில்லை. அரசே மதுக்கடை நடத்தும் இந்நாளிலும் உரிமமின்றி வீட்டில் மது உற்பத்தி செய்தல் குற்றமே. இவ்விரு மாநிலச் சட்டங்களும் மதுவை மட்டுமன்று, மது செய்யும் நோக்கத்துடன் பொருள்களையும் கருவிகளையும் வைத்திருப்பதையும் குற்றமாகக் கருதுகின்றன. “விற்கவில்லையே, நாங்கள்தாமே அருந்துகிறோம்” என்னும் சமாதானம் அங்கே செல்லாது.

மாற்றலாகி ஊர் ஊராய்ச் செல்லும் நம் குடும்பங்கள் இதைச் சிறப்பாக நினைவிற்கொள்ளவேண்டும். பழைய ஊரில் கேட்டறிந்த விதி புதிய ஊரில் பொருந்தாது. அண்டை வீட்டார் பண்டிகைக்குப் பண்டிகை செய்கின்றனர் என்பதும் அனுமதியாகாது. ஐயம் இருப்பின் அவ்வூர் ஆயத்தீர்வை அலுவலகத்தில் கேட்டறிதலே நேர்வழி. அன்பினால் வாங்கிய ஒரு பெட்டிக்காக ஒரு குடும்பம் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் நடக்க நேருமாயின், அதைவிடத் துன்பம் வேறென்ன?

ஆகையால் பிள்ளைகள் புறப்படுமுன்பே கடிதத்திலோ தொலைபேசியிலோ இதைச் சொல்லிவைப்போம். அவர்கள் வீட்டுக்கு நாம் செல்லும் காலத்தில் அருகிருந்து பார்த்து மகிழலாம். மானியைப் படிக்கவும், குமிழி நின்றபின்னும் பொறுத்திருக்கவும் அங்கேயே கற்றுக்கொள்ளலாம்.