பட்டறைக்குச் சம்பள மானியமா, பயிற்சி மாணவரா?

மதுரையில் கப்பலூரிலும் கே.புதூரிலும் உள்ள தொழிற்பேட்டைகளுக்குப் போய், எட்டுப் பேரை வைத்து லேத் பட்டறை நடத்தும் முதலாளியிடம் அரசுத் திட்டங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் நம் வாசகர்கள்: கல்லூரி வேலைவாய்ப்பு அலுவலர்கள், ஐ.டி.ஐ. ஆசிரியர்கள், சிறுதொழில் சங்கப் பொறுப்பாளர்கள். ஆள் சேர்த்தால் அதற்கு ஊக்கத்தொகை, மாணவரைப் பழகுநராக எடுத்தால் உதவித்தொகையில் ஒரு பங்கு என்று இரண்டு வழிகளையும் சொல்லிவிட்டு, முடிவை அவரிடமே விட்டுவருவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. இது போதாது. மதுரையின் சிறு பட்டறைக்கு நாம் முதலில் பரிந்துரைக்க வேண்டியது பயிற்சி மாணவரைத்தான்.

கணக்கைப் பார்ப்போம். பிரதமரின் விக்சித் பாரத் ரோஜ்கார் யோஜனாவுக்கு மத்திய அமைச்சரவை 2025 ஜூலையில் ஒப்புதல் தந்தது. ஒதுக்கீடு 99,446 கோடி ரூபாய். 2025 ஆகஸ்ட் 1 முதல் 2027 ஜூலை 31 வரை உருவாகும் வேலைகளுக்கு இது பொருந்தும். புதிதாகச் சேர்க்கும் ஒவ்வொருவருக்கும் சம்பளத்தைப் பொறுத்து மாதம் 3,000 ரூபாய் வரை முதலாளிக்கு இரண்டு ஆண்டுகள் கிடைக்கும். உற்பத்தித் துறைக்கு நான்கு ஆண்டுகள். ஆனால் நிறுவனம் பி.எஃப். பதிவு பெற்றிருக்க வேண்டும். ஐம்பது பேருக்குக் குறைவாக உள்ள இடமென்றால் குறைந்தது இரண்டு பேரையாவது கூடுதலாகச் சேர்த்து, ஆறு மாதமாவது வைத்திருக்க வேண்டும். பி.எஃப். கட்டாயமாவதோ இருபது பேரில்தான்.

நம் எட்டுப் பேர் பட்டறை 12,000 ரூபாய் சம்பளத்தில் இரண்டு பேரைச் சேர்த்தால் அதிகபட்சம் மாதம் 4,000 ரூபாய் வரலாம். அதற்காகத் தானே முன்வந்து பி.எஃப்.இல் சேர்ந்தால், குறைந்த விகிதமான 10 சதவீதத்தில், எல்லோருக்கும் அதே சம்பளம் என்று வைத்தாலும், பத்துப் பேருக்கான முதலாளி பங்கு மட்டும் மாதம் 12,000 ரூபாய். பி.எஃப். தொழிலாளியின் முதுமைக்கான பணம். அது கிடைக்க வேண்டும் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் 4,000 ரூபாய்க்காக 12,000 ரூபாய்ப் பொறுப்பை ஒரு பட்டறை ஏற்கும் என்று எதிர்பார்த்துத் திட்டத்தை விளக்கிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

மானியம் கைக்கு வந்தாலும் அதன் பலன் நிலைக்கிறதா என்பது அடுத்த கேள்வி. இதற்கு இலங்கையில் நேரடிச் சான்று உண்டு. சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கென்சி, கிறிஸ்டோபர் உட்ரஃப் மூவரும் அங்குள்ள குறுந்தொழில்களில் சிலவற்றைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, ஆள் வைக்கச் சம்பள மானியம் தந்து பார்த்தார்கள். மானியம் இருந்தவரை ஆட்கள் கூடினார்கள். நின்ற பிறகு வேலைவாய்ப்பிலோ லாபத்திலோ விற்பனையிலோ நீடித்த பலன் எதுவும் தெரியவில்லை. கானாவில் மோர்கன் ஹார்டியும் ஜேமி மெக்காஸ்லண்டும் செய்த ஆய்வு வேறு திசையைக் காட்டியது. வேலையில்லாத இளைஞர்களைச் சிறு கடைகளில் பழகுநர்களாகச் சேர்த்துவிட்டபோது, அந்தக் கடைகளின் வருவாயும் லாபமும் உயர்ந்தன. இரண்டு நாடுகளும் இரண்டு திட்டங்களும் வேறு வேறு என்பதால் அவற்றை அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது. ஆனால் கானாவில் தாமாக முன்வந்து விண்ணப்பித்து, கூட்டங்களுக்கு நேரில் வந்து நின்றவர்கள்தான் கடைகளில் சேர்ந்தார்கள். நம் முதலாளிகளின் குறையும் அதுதானே? “நம்பி மெஷினில் நிறுத்த ஆள் இல்லை” என்பதை நாம் கேட்காத பேட்டை உண்டா? அந்த ஆளைத் தேடிப் பார்த்துத் தர மானியத்தால் முடியாது, கல்லூரியால் முடியும்.

சட்டமும் இங்கே இடம் கொடுக்கிறது. 1961ஆம் ஆண்டின் தொழில்பழகுநர் சட்டத்தின் கீழ் 2019இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, முப்பது பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்துக்குத்தான் பழகுநர் கட்டாயம். நான்கு பேர் உள்ள பட்டறையும் விரும்பினால் எடுக்கலாம். அதே விதிகள் 2019இல் வைத்த குறைந்தபட்ச உதவித்தொகை டிப்ளமோ முடித்தவருக்கு 8,000 ரூபாய், பட்டதாரிக்கு 9,000 ரூபாய். தேசிய தொழில்பழகுநர் பயிற்சித் திட்டத்தில் இதில் பாதியை அரசு ஏற்கிறது.

ஆனால் இந்த வழியிலும் ஓட்டைகள் உண்டு. இந்த உதவித்தொகை பெரும்பாலும் படிப்பை முடித்தவர்களுக்கே போய்ச் சேர்கிறது. 2024 அக்டோபரில் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் நாட்டின் முதல் 500 நிறுவனங்களுக்கானது. தொடங்கியபோது முழுநேர மாணவருக்கு அதில் இடம் இருக்கவில்லை. ஆக, உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ பஸ் ஏறி வரும் இறுதியாண்டு மாணவர் ஒரு சிறு பட்டறையில் பயிற்சி பெற்றால் பஸ் செலவும் சாப்பாட்டுச் செலவும் அவர் தலையில்தான். வசதி இல்லாதவர் பதினைந்து நாளில் ஒரு சான்றிதழை வாங்கிக்கொண்டு பகுதிநேர வேலைக்குப் போகிறார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்?

பயிற்சி மாணவர் மலிவுக் கூலியாகிவிடுவார் என்ற தொழிற்சங்கங்களின் அச்சமும் நியாயமானது. பார்சல் கட்டவும் தேநீர் வாங்கவும் மட்டும் மாணவரை அனுப்பும் இடத்துக்கு அடுத்த ஆண்டு யாரையும் அனுப்பக் கூடாது. அந்த முடிவை எடுக்கும் துணிவு வேலைவாய்ப்பு அலுவலருக்கு வேண்டும். மறுபுறம், ஏற்கெனவே இருபது பேரைத் தாண்டி, பி.எஃப். கட்டி, ஆர்டரும் கையில் வைத்திருக்கும் ரப்பர், ஆயத்த ஆடை நிறுவனங்களுக்கு ஊக்கத்தொகைதான் பொருத்தம். அவர்களிடம் பயிற்சித் திட்டத்தைத் திணிக்க வேண்டாம்.

கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேட்போம். இறுதியாண்டு மாணவரின் ஆறு மாதப் பட்டறைப் பயிற்சிக்கும் அரசின் பாதிப் பங்கு வர வேண்டும். பத்துப் பதினைந்து பட்டறைகளுக்கான ஒப்பந்தம், பதிவேடு, போர்ட்டல் வேலைகளை மடீட்சியா போன்ற சிறுதொழில் சங்கம் ஒரே மேசையில் முடித்துத் தர வேண்டும். கற்றுத்தரும் மூத்த டர்னருக்கும் ஃபிட்டருக்கும் மாதம் ஒரு தொகை தனியாக ஒதுக்க வேண்டும். மாணவர் பக்கத்தில் நிற்கும்போது அந்த மூத்தவரின் பீஸ் ரேட் வருமானம் குறைகிறது. அந்த இழப்பை ஈடுசெய்யும் தொகை நம் பரிந்துரைக் கடிதங்களில் இதுவரை இடம்பெற்றதே இல்லை. அடுத்த கல்வியாண்டுக்கான கடிதத்தில் அதை முதல் கோரிக்கையாக வையுங்கள்.