ஓவியத்துக் குழந்தைகள் சாட்சிகள் அல்லர்

பழைய தஞ்சை ஓவியங்களில் குழந்தைகள் கொழுத்த கன்னங்களும் கழுத்து நிறைந்த நகைகளுமாகக் காட்சியளிப்பதைக் கொண்டு, காவிரிப் படுகையில் ஒரு காலத்தில் பிள்ளைகள் எல்லோரும் குறையின்றி வளர்ந்தார்கள் என்று முடிவு கட்டும் வழக்கம் வேரூன்றியிருக்கிறது. பூம்புகார்ச் சிலப்பதிகாரக் கலைக்கூடத்தில் 1970களில் வைக்கப்பட்ட புடைப்புச் சிற்பங்களைக் கோவலன் காலத்து ஆவணமாக எவரும் கொள்வதில்லை. அந்த எச்சரிக்கை தஞ்சை ஓவியத்தின் முன் மட்டும் தொலைந்துபோவது வருந்தத்தக்கது.

பலகையில் துணி ஒட்டி, சுண்ணப் பூச்சால் மேடு கட்டி, தங்க ரேக்கும் கண்ணாடிக் கற்களும் பதித்துத் தீட்டப்படும் நவநீதகிருஷ்ணன் எந்த வீட்டுப் பிள்ளையையும் பார்த்து வரையப்பட்டவன் அல்லன். வெண்ணெய் ஏந்திய கையும் பருத்த தொடையும் பக்திமரபு வகுத்தவை. அவை அக்காலத்து ஊட்டத்திற்கு அளவுகோல் ஆகா.

அரசவை ஓவியங்களும் இவ்வகையில் நம்பத்தக்கவை அல்ல. இரண்டாம் சரபோஜி மன்னர் தம் மகன் சிவாஜியோடு தோன்றும் ஓவியங்களில் சிறுவனுக்குப் பெயர் உண்டு, தலைப்பாகை உண்டு, தந்தையின் அருகில் உரிய இடமும் உண்டு. அங்கே காட்டப்படுவது குழந்தைப் பருவத்தைக் காட்டிலும் வாரிசுரிமையே எனலாம். 1787இல் துளஜா மன்னரால் தத்தெடுக்கப்பட்ட சரபோஜியோ, அமர்சிங்கின் ஆட்சியில் கல்வி மறுக்கப்பட்டு, காவலில் அடைபட்டு, சுவார்ட்ஸ் பாதிரியாரின் தலையீட்டால் மீண்டவர். அரசகுமாரனின் இளமையே அத்தகையதாக இருந்தபோது, பட்டாடையைக் கண்டு மகிழ்ச்சியை ஊகிப்பது எவ்வாறு பொருந்தும்?

ஏழைக் குழந்தைகளை அக்காலத்தில் எவரும் வரையவில்லை என்பதும் தவறே. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளும் பிற ஐரோப்பியரும் வாங்குவதற்காக உள்ளூர் ஓவியர்கள் ஐரோப்பிய பாணியைத் தழுவித் தீட்டிய கம்பெனி ஓவியங்களில், பல தாள்களில் கணவனும் மனைவியும் தொழிற்கருவியோடு நிற்பார்கள். சிலவற்றில் தாயின் இடுப்பில் ஒரு குழந்தையும் இருக்கும். தாளில் எழுதப்பட்டிருப்பது சாதியும் தொழிலுமே. தாய்க்கும் பெயரில்லை, பிள்ளைக்கும் பெயரில்லை. அரசன் மகன் தன் பெயரால் அறியப்பட, உழைப்பவன் மகவு பிறந்த சாதியின் மாதிரியாக மட்டும் பதிவாகி, இன்று லண்டன் அருங்காட்சியகங்களில் வரிசை எண்ணோடு இருக்கிறது.

இவ்விரு வகை ஓவியங்களையும் அருகருகே வைத்து, ஒன்று செல்வம், மற்றொன்று எளிமை என்று ஒப்பிடுவோர், இரண்டுக்கும் பணம் கொடுத்தவர் யார் என்ற கேள்வியைத் தவிர்த்துவிடுகின்றனர். 1781இல் ஹைதர் அலியின் படை தஞ்சை நாட்டைச் சூறையாடியதை அடுத்துப் பஞ்சம் படர்ந்தது. அதில் பட்டினி கிடந்த பிள்ளைகளை வரைவதற்குக் கூலி கொடுத்தவர் எவர்?

ஆகவே இவ்வோவியங்களைக் காட்சிக்கு வைப்போரும் நூல்களில் அச்சிடுவோரும், ஓவியத்தை வரையச் சொன்னவர் யார், வாங்கியவர் யார் என்பதைத் தெரிந்த அளவில் படத்தின் கீழேயே குறிப்பிட வேண்டும். "அக்காலக் குழந்தைகள்" என்ற பொதுத் தலைப்பை இனியேனும் கைவிட வேண்டும்.