கூத்தை நிறுத்தச் சொன்ன குடியிருப்போரே!

முகப்பேர் மேற்கில் எங்கள் தெருமுனையில் ஒரு அபார்ட்மெண்ட் எழும்பிக்கொண்டிருக்கிறது. கட்டுகிறவர்கள் பீகார்காரர்கள். சைட்டுக்குள்ளேயே தகர ஷெட் போட்டுத் தங்கியிருக்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டீ குடித்துவிட்டுத் திரும்பும்போது அந்த ஷெட்டிலிருந்து டோலக் சத்தம். எட்டிப் பார்த்தேன். கம்பி கட்டுகிறவர் ஒருவர் துண்டை முக்காடாகப் போட்டுக்கொண்டு, பெண்ணாக மாறி, அழுதுகொண்டே பாடுகிறார். சுற்றி உட்கார்ந்தவர்கள் விசிலடிக்கிறார்கள். ஒருத்தர் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்.

"என்னண்ணா இது?" என்றேன் வாசலில் நின்றவரிடம்.

"எங்க ஊர் நாடகம் அண்ணா. புருஷன் கல்கத்தா போயாச்சு. பொண்டாட்டி அழுது" என்றார், தெரிந்த தமிழில்.

மறுநாள் காலை எங்கள் தெரு வாட்ஸப் குரூப்பில் ஒரு மெசேஜ்: "வடக்கனுங்க ராத்திரியெல்லாம் கூத்தடிக்கிறானுங்க." ராத்திரியெல்லாமாம்! நான் பார்த்தபோது மணி எட்டரை. வரிசையாகக் கட்டைவிரல்கள் விழுந்தன. யாரோ மேஸ்திரிக்கு போன் போட்டார்கள். அடுத்த ஞாயிறு டோலக் இல்லை.

நானும் அந்த குரூப்பில்தான் இருக்கிறேன். ஒரு வார்த்தை எழுதவில்லை. அந்த உறுத்தல்தான் இங்கே இவ்வளவு எழுத வைக்கிறது.

முதலில், அவர்கள் ஆடியது என்ன? கதையைக் கேட்டால் 'பிதேசியா' மாதிரி இருக்கிறது. பிழைக்க வெளியூர் போனவன் என்று அர்த்தம். எழுதியவர் பிகாரி டாக்கூர் (1887-1971). பெயருக்கே பிச்சைக்காரர் என்றுதான் பொருள். முடிதிருத்தும் சாதியில் பிறந்தவர். அவரே வங்காளத்துக்குப் பிழைக்கப் போய், ஊர் திரும்பி, போஜ்புரியில் நாடகக் குழு ஆரம்பித்தவர். ஆண்களே பெண் வேஷம் கட்டுகிற அந்த நாச் கலையில் அவரோடு ஆடிய ராம்சந்திர மாஞ்சிக்கு 2021ல் பத்மஸ்ரீ கிடைத்தது. டெல்லி விருது கொடுக்கிற கலை, முகப்பேரில் 'கூத்தடிப்பு' ஆகிவிட்டது. கூத்து என்பதையே வசவாக வைத்திருக்கிற ஊர் இது, வேறென்ன சொல்ல.

சரி, வரலாற்றுக்கு வருவோம். நம் நவீன தமிழ் நாடகம் எப்படிப் பிறந்தது என்று தெரியுமா மக்களே?

1891ல் பெல்லாரியிலிருந்து சரச வினோதினி சபை என்ற தெலுங்குக் குழு சென்னைக்கு வந்து நாடகம் போட்டது. நடத்தியவர் தர்மவரம் கிருஷ்ணமாச்சாரியார் என்ற வக்கீல். சென்ட்ரல் பக்கத்தில் இருக்கும் விக்டோரியா பப்ளிக் ஹாலில் அதைப் பார்த்தவர்களில் ஒருவர் 18 வயது பம்மல் சம்பந்தம். அதுவரை தமிழ் நாடகம் என்றாலே அவருக்கு ஆகாது. படித்தவர்கள் மேடையேறி நடிப்பதைப் பார்த்ததும் ஆள் மாறிவிட்டார். அதே வருஷம் ஜூலை 1ம் தேதி நண்பர்களோடு சுகுண விலாச சபையைத் தொடங்கினார். பிறகு தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்கள். 'மனோகரா' அவருடையதுதான்.

இன்னும் பின்னால் போனால், பாம்பே பார்சி கம்பெனிகளின் பாணியில் நாடகம் போட்ட தஞ்சை கோவிந்தசாமி ராவ் ஒரு மராத்தியர். வரைந்த சீன் படுதாவும் ஹார்மோனியமும் நம் மேடைக்கு வந்து சேர்ந்தது பார்சிக்காரர்களின் வழியாக. அன்றைக்கு யாராவது ஹால் வாசலில் நின்று "தெலுங்குக்காரன் கூத்தடிக்கிறான், நிறுத்து" என்று சொல்லியிருந்தால்?

நாமும் வெளியூரில் மேடை போட்டவர்கள்தான். தமிழ்க் கம்பெனிகள் இலங்கைக்கும் மலேயாவுக்கும் கப்பலேறின. எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் ஜோடி சேர்ந்து நடித்தது 1926ல் கொழும்பில். பிழைக்கப் போன இடத்தில் நம் பாட்டைக் கேட்க நமக்கு மேடை வேண்டியிருந்தது. கிடைத்தது.

அமெரிக்காவைப் பாருங்கள். 1965ல் கலிபோர்னியாவின் டெலானோவில் திராட்சைத் தோட்டத் தொழிலாளர்கள் ஸ்ட்ரைக் செய்தார்கள். ஸ்பானிஷ் பேசும் மெக்சிகோ வம்சாவளியினர் அதில் ஏராளம். அப்போது லூயிஸ் வால்டெஸ் என்ற இளைஞர் அந்தத் தொழிலாளர்களையே நடிகர்களாக்கி 'எல் தியாத்ரோ கம்பெசினோ', அதாவது உழவர் நாடகக் குழுவைத் தொடங்கினார். லாரிதான் மேடை. முதலாளி, கருங்காலி என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டினால் வேஷம் முடிந்தது. அதே வால்டெஸ் எழுதிய 'ஸூட் சூட்' 1979ல் பிராட்வே ஏறியது. அங்கேயும் "உன் ஊருக்குப் போ" என்று கத்துகிறவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். ஆனால் அந்த நாட்டு நாடக வரலாற்றை எழுதும்போது அந்த லாரியை விட்டுவிட முடியாது.

இப்போது அடிக்க வருவீர்கள்: "இந்தியைத் திணிக்கிறான், நீ மேடை போட்டுத் தரச் சொல்றியா?"

1938ஐயும் 1965ஐயும் நானும் மறக்கவில்லை. ஆனால் திணிப்பது அரசாங்கம், கம்பி கட்டுகிறவர் அல்ல. அவர் பாடியது இந்தியும் இல்லை, போஜ்புரி. 2011 சென்சஸ்படி ஐந்து கோடிப் பேரின் தாய்மொழி. அத்தனை பேரையும் 'இந்தி' என்ற தலைப்பின் கீழ்தான் கணக்கில் சேர்த்தார்கள். எட்டாவது அட்டவணையில் போஜ்புரிக்கு இடமில்லை. இந்தி முதலில் விழுங்கியது அவர் மொழியைத்தான். மொழிக்காக உயிர் கொடுத்த மண்ணில் அந்த மொழியின் நாடகத்துக்கு நாம் காது கொடுக்க வேண்டாமா?

வேடிக்கை என்னவென்றால், வசதியான வெளியூர்க்காரர்களிடம் நமக்குப் பிரச்னையே இல்லை. தி.நகரில் பெங்காலிகள் துர்கா பூஜை நடத்தினால் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். அது 'கல்ச்சர்'. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவரும் நம் வீட்டுக்கு சென்ட்ரிங் அடிக்கிறவரும் பாடினால் மட்டும் 'தொல்லை'. ஆக, காதில் குத்துவது மொழி இல்லைங்க, தகர ஷெட்.

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகாரிகளை அடிக்கிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவின. தமிழ்நாடு போலீஸ் மறுத்தது. "எங்க ஊர் அப்படியெல்லாம் இல்லை" என்று நாமும் கொதித்தோம். உண்மைதான், நாம் அடிக்கவில்லை. டோலக்கைத்தான் நிறுத்தினோம்.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. அனுமதி வாங்கினால் ஒலிபெருக்கிக்கே இரவு பத்து மணி வரை சட்டத்தில் இடமுண்டு. அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு டோலக். வாரத்தில் ஒரு ராத்திரி, பத்து மணி வரை, அவர்களை விட்டுவிடுங்கள். முடிந்தால் தெருவில் இரண்டு சேர் போட்டு நாமும் உட்காருவோம். ஆடி மாதம் முழுக்க விடியற்காலை ஐந்து மணிக்கு ஸ்பீக்கரைப் பொறுத்துக்கொள்கிற காதுகள்தானே நம்முடையவை?

இதை இன்றைக்கு ராத்திரி தெரு குரூப்பிலும் போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஷெட்டுக்குப் போய், நிறுத்தியதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, புருஷன் ஊர் திரும்பினானா என்று மீதிக் கதையையும் கேட்க வேண்டும்.

டிஸ்கி: எங்கள் வீட்டு மாடியைக் கட்டியதும் பீகார்காரர்கள்தான். குரூப்பில் முதல் கட்டைவிரல் போட்டது எங்கப்பா. ஆகவே இன்று ராத்திரி சாப்பாடு கிடைப்பது சந்தேகம் :)