மெந்தால் சந்தை: விலையை முடிவு செய்வது யார்?

ஜப்பான் புதினா என்ற பயிரின் எண்ணெயை மெல்லக் குளிரவைத்தால் ஊசி ஊசியாக வெண்ணிறப் படிகங்கள் பிரியும். அவையே மெந்தால். பற்பசை, இருமல் மிட்டாய், சூயிங்கம், வலி நீக்கும் களிம்பு, பான் மசாலா, சிகரெட் எனப் பல தொழில்களுக்கு அது தேவை. தமிழ் வீடுகளில் புழங்கும் கோடாலித் தைலத்தின் குளிர்ச்சியும் அதனால் வருவதே. மெந்தால் உடலின் வெப்பத்தைக் குறைப்பதில்லை. குளிரை உணரும் நரம்புகளில் உள்ள ஒரு புரதத்தைத் தூண்டிவிடுகிறது. அந்தப் புரதம் 2002-இல் அடையாளம் காணப்பட்டது.

இந்த வணிகம் ஒரே நாட்டில் நிலைத்ததில்லை. இரண்டாம் உலகப் போருக்கு முன் ஜப்பானின் ஹொக்கைடோ தீவிலுள்ள கிட்டாமி வட்டாரமே உலகின் தேவையில் பெரும்பகுதியை நிறைவு செய்தது. போரில் அந்த ஏற்றுமதி முடங்கியதும் பிரேசில் முன்னுக்கு வந்தது; பிறகு சீனா. 1990-களுக்குப் பின் முதலிடம் இந்தியாவுக்கு வந்தது. இன்று இயற்கை மெந்தாலின் பெரும்பங்கு உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கி, சம்பல், ராம்பூர், பதாயூன் மாவட்டங்களிலிருந்து கிடைக்கிறது. லக்னோவிலுள்ள மத்திய மருத்துவ, நறுமணத் தாவர நிறுவனம் உருவாக்கிய கோசி போன்ற ரகங்கள் இதற்கு அடித்தளமிட்டன.

கோதுமைக்கும் நெல்லுக்கும் இடைப்பட்ட கோடை மாதங்களில் கைக்குப் பணம் தருவதால் சிறு விவசாயிகள் புதினாவை விரும்புகிறார்கள். அறுத்த பயிரை வாடவிட்டு, ஊரிலேயே உள்ள இரும்புக் கொதிகலனில் திணித்து, அடியில் தீ மூட்டுகிறார்கள். முந்தைய தடவை வடித்தெடுத்த சக்கையே விறகாகிறது. நீராவியோடு எழும் எண்ணெய், தண்ணீர்த் தொட்டிக்குள் செல்லும் குழாயில் குளிர்ந்து, கலத்தில் நீரின்மேல் மிதக்கிறது. இந்த எண்ணெய் எளிதில் கெடாது. எனவே பலர் அதை வீட்டில் சேமித்து, விலை ஏறும்போது விற்கிறார்கள்.

ஆனால், விலை அவர்கள் கையில் இல்லை. 2012-இல் கிலோ 2,000 ரூபாயைத் தாண்டிய எண்ணெய், சில ஆண்டுகளில் ஆயிரத்துக்குக் கீழே சரிந்தது. விளைச்சல், மழை, முன்பேரச் சந்தையின் ஊகம் ஆகியவற்றோடு இன்னொரு காரணமும் உண்டு: ஆலை மெந்தால். ஜெர்மனியின் சிம்ரைஸ் நிறுவனம் தைமோல் என்ற வேதிப்பொருளிலிருந்தும், ஜப்பானின் தகாசகோ பைன் மரத்தின் டர்பன்டைனிலிருந்து கிடைக்கும் மிர்சீனிலிருந்தும் மெந்தால் செய்கின்றன. தகாசகோ முறைக்கு அடிப்படையான வினையூக்கி ஆய்வுக்காக ரியோஜி நொயோரி 2001-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். 2012-இல் பிஏஎஸ்எஃப் நிறுவனமும் லுட்விக்ஸ்ஹாஃபனில் பெரிய ஆலையைத் திறந்தது. மூலக்கூறு அதேதான். பருவம் பாராமல், ஒரே தரத்தில், நீண்டகால ஒப்பந்த விலையில் ஆலை வழங்குகிறது. வயலின் விலை ஏறினால் பெருநிறுவனங்கள் ஆலைக்கு மாறும். மீண்டும் வயல் பக்கம் எளிதில் திரும்பாது. ஆகவே விலை உயர்வுக்கு ஆலை ஓர் உச்சவரம்பு வைத்துவிடுகிறது. விலை வீழ்ச்சிக்கோ அடித்தளமே இல்லை. இதன் சுமை முழுவதும் விவசாயியின்மீது விழுகிறது. மெந்தால் சிகரெட்டை ஐரோப்பிய ஒன்றியம் 2020-இல் தடை செய்ததுபோல, தேவையும் ஒரே சட்டத்தால் சுருங்கலாம்.

விலை ஏறும் என்று காத்திருப்பது கொள்கையாகாது. செலவைக் குறைப்பதும், வாங்குவோரை நேரடியாகப் பிணைப்பதும்தான் வழி. குறைந்த நாளில், குறைந்த நீரில் விளையும் ரகங்களும் பாத்திமேட்டு நடவு முறையும் எல்லா ஊர்களுக்கும் சென்றுசேர வேண்டும்; கோடையில் அடிக்கடி பாய்ச்சும் பயிர் நிலத்தடி நீரை உறிஞ்சுவதால் இது இரட்டிப்பு அவசியம். எரிபொருளை மிச்சப்படுத்தும் வடிகலன்களுக்குக் கடனும், உற்பத்தியாளர் குழுக்கள் மூலம் தரச் சான்றுடன் ஒப்பந்த விற்பனையும் கிடைக்க வேண்டும். தாவரத்திலிருந்து வந்தது என்பதற்காகக் கூடுதல் விலை தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. அந்தக் கூடுதல் தொகை வடிகலன் வரை வந்து சேர்ந்தால்தான் பயிர் நிலைக்கும். இல்லையேல், ஜப்பானும் பிரேசிலும் இழந்த இடத்தை இந்தியாவும் இழக்கும். இம்முறை அது போவது வேறொரு நாட்டின் வயலுக்கல்ல, ஆலைக்கு.