வலிக்காத புண்ணுக்கு வக்காலத்து வேண்டாம்

"வலிக்குதா?" "இல்ல." "அப்ப சூடாத்தான் இருக்கும், விடு." வாய்க்குள் ஒரு புண்ணோ வெள்ளைத் திட்டோ தென்பட்டால் நம் வீடுகளில் நடக்கும் விசாரணை இவ்வளவுதான். அன்றைக்கு மணத்தக்காளிக் கீரை சமைப்பார்கள். மருந்துக்கடையில் பி காம்ப்ளெக்ஸ் ஓர் அட்டை வாங்குவார்கள். வலித்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள். கீரையின் மேல் எனக்குக் கோபமில்லை. அந்தத் தீர்ப்பின் மேல்தான் கோபம். அது ஆளைக் கொல்கிறது.

கன்னத்தைக் கடித்துக்கொண்டதாலோ உடம்புக்கு முடியாததாலோ வரும் சாதாரண வாய்ப்புண் முதல் நாளே வலிக்கும். ரசம் பட்டால் கண்ணில் நீர் முட்டும். பத்து நாளில், மிஞ்சினால் இரண்டு வாரத்தில், ஆறிவிடும். வாய்ப்புற்றின் போக்கே வேறு. தொடக்கத்தில் பலருக்கு அது வலிப்பதில்லை. சதைக்குள் ஆழமாக இறங்கி நரம்பைத் தொட்ட பிறகு, தாடை எலும்பை அரித்த பிறகு, புண்ணில் சீழ் வைத்த பிறகுதான் பெரும்பாலும் வலி எடுக்கிறது. அதற்குள் கழுத்தில் நெறி கட்டியிருக்கலாம். வலி வரட்டும் என்று காத்திருப்பவர், நோய் முற்றட்டும் என்று காத்திருக்கிறார்.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. நம் நாட்டில் இந்த நோய் பெரும்பாலும் கன்னத்தின் உட்புறத்திலும், கீழ் ஈறும் கன்னமும் சேரும் பள்ளத்திலும் வருகிறது. புகையிலையையும் பாக்கையும் மணிக்கணக்கில் அடக்கி வைக்கும் இடம் அதுதான். கன்னத்தை விரலால் இழுத்து வெளிச்சத்தில் பார்த்தால் கண்ணுக்கே தெரியும் இடம். வயிற்றிலோ கணையத்திலோ வரும் புற்றை வெறுங்கண்ணால் யாரும் பார்க்க முடியாது. வாயில் வருவதைப் பார்க்க ஒரு கண்ணாடியும் டார்ச் லைட்டும் போதும். அப்படியிருந்தும் நம் மருத்துவமனைகளுக்கு வரும் வாய்ப்புற்று நோயாளிகளில் பெரும்பாலோர் முற்றிய நிலையில்தான் வருகிறார்கள்.

துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு எல்லாமே புற்றாக மாறிவிடாது. பல மாறுவதே இல்லை. ஆனால் எது மாறும், எது மாறாது என்று வீட்டில் உட்கார்ந்து சொல்ல யாராலும் முடியாது. வழவழப்பான சிவப்புத் திட்டு இன்னும் ஆபத்தானது. தடித்துப்போன இடம், ஆடத் தொடங்கிய பல், பல்லைப் பிடுங்கிய பிறகும் மூடாத குழி ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாக்குப் பழக்கம் உள்ளவருக்குக் காரம் பட்டால் வாய் எரிகிறது, முன்போல் வாயை அகலத் திறக்க முடியவில்லை என்றால், அது வயதின் கோளாறு அல்ல. கன்னத்தின் உட்சதை நார்போல் இறுகிவருகிறது. அது பின்னாளில் புற்றாக மாறக்கூடிய நோய். "நான் போயிலை சேர்ப்பதில்லை, வெறும் பாக்குதான்" என்பவர்களுக்கும் விலக்கு இல்லை. புகையிலை சேராத வெற்றிலைபாக்கும் புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-லேயே அறிவித்துவிட்டது.

வலிக்காதவரின் வாயைத் திறந்து பார்ப்பதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்குப் பக்கத்து மாநிலத்திலேயே பதில் இருக்கிறது. 1996-ல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 ஊராட்சிப் பகுதிகளை எடுத்துக்கொண்டு ஓர் ஆய்வு தொடங்கியது. மருத்துவர் சங்கரநாராயணன் தலைமையில் நடந்தது. சில பகுதிகளில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய், 35 வயதைத் தாண்டியவர்களின் வாயைப் பார்த்தார்கள். மற்றப் பகுதிகளில் வழக்கமான மருத்துவம் மட்டுமே. பார்த்தவர்கள் மருத்துவர்கள் அல்லர், பெரிய கருவியும் இல்லை. வெளிச்சமும் பழகிய கண்ணும்தான். 2005-ல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுச் சாவு 34 சதவீதம் குறைந்திருந்தது. வலிக்கிறது என்று யாராவது வந்து சொல்லட்டும் என அந்தப் பணியாளர்கள் காத்திருக்கவில்லை. அதனால் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள்.

எச்சரிக்கைப் படங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். புகையிலைப் பொட்டலத்தின் 85 சதவீதப் பரப்பில் அவற்றை அச்சிடச் சட்டம் சொல்கிறது. பழக்கத்தைத் தொடங்காமல் தடுக்க அவை தேவை, நான் எதிர்க்கவில்லை. ஆனால் புற்று என்றால் கன்னம் ஓட்டையாகி முகம் சிதைந்திருக்கும் என்ற ஒரே காட்சி மனத்தில் பதிந்தவருக்கு, தன் வாயில் இருக்கும் நகக்கண் அளவுத் திட்டு புற்றின் வாசலாக இருக்கலாம் என்று எப்படித் தோன்றும்? அந்தத் திட்டின் படத்தையும் ரேஷன் கடையிலும் பேருந்து நிலையத்திலும் ஒட்டுங்கள்.

இதையெல்லாம் தாண்டி மருத்துவரிடம் போனவரையும் பாதி வழியில் திருப்பி அழைத்துவரும் பேச்சு ஒன்று உண்டு: "சதை எடுத்தா பரவிடும், கத்தி படக்கூடாது." மரத்துப்போக ஊசி போட்டு, சிறு துண்டு சதை எடுத்துச் சோதிப்பதால் வாய்ப்புற்று பரவுவதில்லை. அந்தச் சோதனை இல்லாமல் நோயை உறுதிசெய்யவும் முடியாது. முற்றிய பிறகு கத்தி வைத்து, கரண்ட் வைத்து, அப்படியும் இறந்துபோனவர்களைப் பார்த்துத்தான் இந்தப் பயம் வளர்ந்தது. அவர்களைக் கொன்றது கத்தி அல்ல, தாமதம். தொடக்கத்தில் வந்தவருக்குப் பெரும்பாலும் சிறிய அறுவை போதும், ஐந்தாண்டு தாண்டி வாழ்பவர்களே அதிகம். முற்றிய பின் வந்தவருக்குத் தாடையை வெட்டி, நெஞ்சுச் சதையையோ கால் எலும்பையோ எடுத்து வைத்துக் கட்ட வேண்டியிருக்கிறது.

மருந்துக்கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். அதே புண்ணுக்கு அதே ஆள் இரண்டு வாரம் கழித்து மறுபடி மாத்திரை கேட்டு வந்தால், கொடுக்காதீர்கள். அரசு மருத்துவமனையின் பல் மருத்துவரிடம் அன்றைக்கே போகச் சொல்லுங்கள்.